வெற்றுத் தோட்டா

எய்தவன் இருக்க
அம்பை நோவதற்கென்றே
ரெண்டாலன் பள்ளத்தாக்கில்
ஒரு கடை நடத்துகிறேன்.

மூஸ் வேட்டை திறக்க ஒன்பது நாள் இருந்தது.
ஹால்வார் மீர்வோல்ட்
கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வந்து
காய்ச்சல் கண்ட பிள்ளையைக் கிடத்துவதுபோல்
துப்பாக்கியை என் மேசையில் கிடத்தினான்.
"கீழே இழுக்கிறது. ஒரு சாண்.
குழல் தேய்ந்துவிட்டதா, பார்."

பார்த்தேன்.
தொலைநோக்கியின் வளையங்கள் இறுக்கம்.
கட்டையின் திருகு இரண்டும்
வைத்த இடத்தில் வைத்தபடி.
பால் வாங்கிய ரசீதைக் குழலுக்கும் மரத்துக்கும் நடுவே
நுழைத்து இழுத்தேன்;
எங்கும் தட்டாமல் ஓடிற்று.
போல்ட்டை உருவிவிட்டு
ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால்
உள்ளே வரிப்பள்ளங்கள்
சுழன்று சுழன்று இறங்குகின்றன,
ஒரு படிகூடச் சிதையாத சுருள் படிக்கட்டு.

மாலை, பழைய கல்குவாரியில்,
மணல்மூட்டையில் சாய்த்து நானே சுட்டேன்.
குளிர்ந்த குழலிலிருந்து முதல் குண்டு.
ஆறவிட்டு, இரண்டாவது.
ஒரு குவளை காப்பி.
மூன்றாவது.
நூறு மீட்டரில் மூன்று துளையும்
ஓர் ஐந்து குரோனர் காசுக்குள் அடங்கின;
நடுவில் ஓட்டை போட்டே அச்சடிப்பார்கள்
எங்கள் ஊரில் அந்தக் காசை.

மூன்றில் முதலாவதைத்தான்
நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
சராசரி பார்க்க
எந்த விலங்கும் நிற்பதில்லை.

மறுநாள் வந்தான்.
"சரியாகிவிட்டதா?"
"சுட்டுப் பாரேன்."
ஐந்து தோட்டாவையும் நானே நிரப்பிக் கொடுத்தேன்.
நடுவில் ஒன்றில் மருந்தில்லை.
அதை மட்டும் சொல்லவில்லை.

முதலாவது, கீழே.
அடுத்தது அதற்கும் கீழே, கொஞ்சம் வலம்.
போல்ட்டைத் தூக்கி, இழுத்து,
தள்ளி, தாழ்த்தி,
மூச்சைப் பாதியில் நிறுத்தி,
விசையைத் தொட்டான்.

டிக்.

வெடிக்காத அந்த நொடியில்
குழல்முனை தானாகக் குனிந்தது,
ஓங்காத கைக்குத்
தலை தாழ்த்தும் நாயைப்போல.

அவன் பார்த்தான்.
அவன் பார்த்ததை நான் பார்த்தேன்.
வெற்றுத் தோட்டாவை வெளியே எடுத்து
காதருகே ஆட்டினான்.
சத்தமில்லை.

"தோளில் இடிப்பதற்கா பயப்படுகிறேன்?"
அதை என்னிடம் கேட்டதாகத் தெரியவில்லை.
பிறகு அவனே சொன்னான்:
போன அக்டோபர். பெட்டை மூஸ்.
குண்டு வயிற்றில் பட்டது.
எம்பிரிக்கின் நாய் இரண்டு நாள் மோந்துகொண்டே போயிற்று.
பாசியில் ரத்தம்,
அதன் பக்கத்திலேயே கன்றின் குளம்படி,
போன தூரமெல்லாம்.
மூன்றாம் நாள் பனி கொட்டிவிட்டது.

"கூலி?"
"துப்பாக்கியில் நான் எதையும் தொடவில்லை."
"தெரியும். கூலி எவ்வளவு?"
காப்பிக்காசு வாங்கிக்கொண்டு
வெற்றுத் தோட்டாவை அவனிடமே கொடுத்தேன்.

அன்றுமுதல் மாலைகளில் குவாரியில் வெடிச்சத்தம்.
மகள் சின்னொவே நிரப்பித் தருகிறாளாம்,
எது வெற்று என்று சொல்லாமல்.
கடையிலிருந்தே எண்ணுவேன்:
ஒன்று, இரண்டு,
பிறகு நீளமான ஓர் இடைவெளி.
அந்த இடைவெளியில்
குழல் குனிந்ததா இல்லையா
இங்கிருந்து கேட்காது.

வேட்டை திறந்த காலை, மூடுபனி.
ஆற்றுக்கு அப்பால் ஒரு வெடி.
யாருடையதோ.
இரண்டாவதற்குக் காத்திருந்தேன், வரவில்லை.
ஒரே குண்டில் விழுந்திருக்கலாம்.
ஒரே குண்டில் தப்பியும் போயிருக்கலாம்.
அரத்தைக் கீழே வைத்துவிட்டு
சாலையைப் பார்த்து நின்றேன்.
எம்பிரிக்கின் வண்டி,
பின்னிருக்கையில் அந்த நாயோடு,
மத்தியானம்வரை
இந்தப் பக்கம் வரவில்லை.